குருவையா அண்ணாச்சியும் எட்டுத் தெருக் குழாய்களும்

குருவையா அண்ணாச்சிக்கு மூத்திரம் சொட்டுச் சொட்டாய் வரத் தொடங்கிய பங்குனி மாதத்தில்தான் செவக்காட்டின் எட்டுத் தெருக் குழாய்களிலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாய் வரத் தொடங்கியது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் ஊரில் எல்லோரும் கேட்டார்கள், மேல்நிலைத் தொட்டியின் வால்வை முப்பத்தொரு வருடமாகக் காலை ஆறு மணிக்குத் திறந்து ஏழு மணிக்கு மூடிய கை அது, அந்தக் கைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு பழக்கம் உண்டாகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பேரூராட்சி ஆபீசிலிருந்து என்ஜினியர் வந்து மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார். பைப்பில் அழுத்தம் முழுசாக இருந்தது, குழாய் வாயில் மட்டும் சொட்டுத்தான் விழுந்தது. அவர் எதையோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். என் பெயர் செண்பகவல்லி, தையல்காரி, அண்ணாச்சி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பொதுச்சுவர், அந்தச் சுவரை ஒட்டித்தான் என் தையல் மிஷின் கிடக்கிறது. அவர் வீட்டுப் பின்பக்கம் குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் என் முற்றத்துக் குழாய் ஒரு முறை நடுங்கும், பிறகு அவர் உள்ளே நிற்கும் அரைமணி நேரமும் சொட்டும், அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் நின்றுவிடும். நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் அதை என்னோடு வைத்துக்கொள்ளாமல் தெருவில் சொன்னேன். அதற்காக யாரும் என்னைப் பிடித்துத் திட்டவில்லை, திட்டியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஊர் நடந்துகொண்ட விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பேரூராட்சித் தலைவர் தவசிமுத்துவுக்கு மைக் என்றால் உயிர். வரி கட்டச் சொல்வதற்கும் நாய்க்கு ஊசி போடச் சொல்வதற்கும் அவரே போய் ஒலிபெருக்கியில் பேசுவார். அந்த மைக்கில் தினமும் அறிவிப்பு வர ஆரம்பித்தது. குருவையா அண்ணாச்சி இப்போது உள்ளே போயிருக்கிறார், இரண்டாவது வார்டு மக்கள் குடத்தை வைத்துக்கொள்ளவும், தயவுசெய்து வரிசையில் நிற்கவும் என்று எட்டுத் தெருவுக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். வீட்டுக்கு வீடு வாழைத்தண்டுச் சாறு வந்தது, நீர்முள்ளிக் கஷாயம் வந்தது, பார்லித் தண்ணீர் தூக்குவாளி தூக்குவாளியாக வந்தது, இளநீர்க் குலைகள் வாசலில் குவிந்தன, அவர் குடித்தாரா என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் அவரைப் பகைக்கவில்லை. எல்லோரும் அவர்மேல் பிரியமாக இருந்தார்கள், ஒரு பசுமாட்டின் மேல் இருக்கிற பிரியம்.

ஒருநாள் காலை அவர் குளியலறைக் கதவைத் திறந்தபோது சந்தில் நாற்பது குடம் நின்றது, குடத்துக்குப் பின்னால் நாற்பது முகம் நின்றது, எல்லா முகமும் வந்துச்சா அண்ணாச்சி என்று ஒரே குரலில் கேட்டது. அவர் கையில் இருந்த மக்கைச் சுவரில் எறிந்தார்.

“நான் என்ன மாடா? கறக்குததுக்கு நிக்கிதீங்களா?”

நோய்க்காரருக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு போனோம். நானும் போனேன். என் குடத்தில் பாதிதான் நிறைந்திருந்தது, அந்தக் கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தலைவரே தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். ரத்தத்தில் பிஎஸ்ஏ என்று ஒன்றைப் பார்த்தார்கள், அது இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு இருந்தது. பிறகு பின்வழியாகக் கருவியை விட்டுப் பன்னிரண்டு இடத்தில் ஊசியால் சதை எடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து இரண்டு நாள் எங்கள் குழாய்களில் தண்ணீர் சிவப்பாக வந்தது. பைப்பில் துரு என்று சிலர் சொன்னார்கள், துரு இல்லை என்று தெரிந்தவர்களும் வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்துக் குடித்தோம். வடிகட்டத் துணி கேட்டு என்னிடம் பதினேழு பேர் வந்தார்கள், எல்லோருக்கும் வெட்டிக்கொடுத்தேன்.

ரிசல்ட் வந்தபோது ஆஸ்பத்திரியில் அதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவர் மகன் கனகவேலிடம் சொன்னார்கள், ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்து லீவு போட்டு வந்திருந்தான், நல்ல பையன்தான், வாய் மட்டும் கிடையாது. அவனிடம் சொன்னார்கள், அவன் தலைவரிடம் சொன்னான், தலைவர் கவுன்சிலர்களிடம் சொன்னார், அன்றிரவே எட்டுத் தெருவுக்கும் தெரிந்துவிட்டது. பயந்துவிடுவார் என்று அண்ணாச்சியிடம் சின்னக் கட்டி என்றார்கள். அழுதுவிடுவாள் என்று அவர் மனைவி ஆவுடைத்தாய் மதினியிடமும் சின்னக் கட்டி என்றார்கள். நம் பக்கத்தில் இதுதான் வழக்கம், யாருக்கு வியாதியோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்லுவோம், அதற்குப் பேர் இரக்கம் என்று வைத்திருக்கிறோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தலைவர் மைக்கைப் பிடித்து, நம் அன்புக்குரிய குருவையா அண்ணாச்சி புற்றுநோயிலிருந்து விரைவில் குணமடைய வேண்டி மாரியம்மன் கோவிலில் சிறப்புப் பூஜை, பொதுமக்கள் திரளாக வந்து கலந்துகொள்ளவும் என்று இரண்டு முறை சொன்னார். அண்ணாச்சி அப்போது தொட்டியடியில் வால்வுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். மதினி அடுக்களையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அரிவாள்மணை சத்தம் நின்றது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது, நான் மிஷினை நிறுத்தினேன். அண்ணாச்சி கிரீஸ் கையோடு நடந்து வந்து மைக் ரூமுக்குள் போய் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார். உனக்குத் தெரியுமா என்று மதினியிடம் கேட்டார். நீங்க கேட்ட மைக்குலதான் நானும் கேட்டேன் என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பின்னால் வருவதற்கு அதுதான் ஆதாரம். அண்ணாச்சிக்கு அறுபத்திரண்டு, மதினிக்கு ஐம்பத்துமூன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர்கள் வீட்டு முன்கதவு சாத்திக்கொள்ளும், சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மதினியின் சிரிப்புச் சத்தம் கேட்கும், அடக்க நினைத்து அடங்காத சிரிப்பு, நடுவில் அண்ணாச்சி எதையோ சொல்லுவார், மறுபடி சிரிப்பாள். இருபத்தைந்து வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. என் வீட்டுக்காரர் இறந்து பதினாறு வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காக மிஷினை நிறுத்துவேன், கேட்டதும் வயிறு எரியும், எரிந்ததும் மிஷினை வேகமாக மிதிப்பேன். இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை.

ரோபோ வைத்து அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று முடிவானது. ஊர் கூடிப் பணம் போட்டது, அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, போட்டவர்கள் இன்றுவரை பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டாக்டர் பெனடிக்ட் என்பவர்தான் ஆபரேஷன் செய்கிறவர். அண்ணாச்சி கேட்டுக்கொண்டதால் அவர் அந்த இயந்திரத்தையே கூட்டிப்போய்க் காட்டினார். நான்கு கை, கையின் நுனியில் சுண்டுவிரல் நகத்தளவு கத்தரிக்கோல், அது மனிதக் கை திரும்பாத பக்கமெல்லாம் திரும்பும், டாக்டர் மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து உட்கார்ந்துகொண்டு அவர் விரலை அசைத்தால் இங்கே அது அசையும். அண்ணாச்சிக்கு அது பிடித்துப்போனது. தொட்டியடியில் கையைத் திருப்பினால் எட்டாம் தெருவில் தண்ணீர் வருகிறது, இதுவும் அந்த வேலைதானே என்றார். கட்டி இருக்கிற புராஸ்டேட் சுரப்பியை எடுத்துவிட்டு மூத்திரக் குழாயை மறுபடி மூத்திரப் பையோடு சேர்த்துத் தைப்போம் என்று டாக்டர் படம் போட்டார். ஜாயின்ட்டுல கசியுமே சார் என்று அண்ணாச்சி கேட்டார். கொஞ்ச நாள் கசியும் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். ஆபரேஷன் முடியும்வரை அந்த ஆஸ்பத்திரியில் அவரிடம் நேருக்கு நேர் பேசிய ஒரே நாள் அதுதான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதினிக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அண்ணாச்சியை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். மதினி அவள் பச்சை வயர்க்கூடையை என் கையில் கொடுத்துவிட்டு அவருக்கு இட்லி வாங்கக் கான்டீனுக்குப் போனாள். அப்போது ஒரு சின்ன டாக்டர் கையில் பைலோடு வராந்தாவுக்கு வந்தான். டாக்டர் பெனடிக்ட் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். நாங்கள் நின்றிருந்தோம், நாங்கள் என்றால் கனகவேல், தலைவர் தவசிமுத்து, இரண்டு கவுன்சிலர்கள், கையில் கூடையோடு நான். சுரப்பியின் இரண்டு பக்கமும் மெல்லிய நரம்பு ஓடுகிறது, அதைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம், நேரம் கூடுதலாகும், மிகச் சிறிய ஆபத்தும் உண்டு, அவருடைய விருப்பம் என்ன என்று அவன் கேட்டான். அந்த நரம்பு எதற்கு என்று தலைவர் கேட்டார். அவன் சொன்னான், தாம்பத்தியத்துக்கு என்று.

கவுன்சிலர்கள் இருவரும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். கனகவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“பேரன் எடுத்த மனுசனுக்கு அது எதுக்கு சார்? தண்ணி ஒழுங்கா வந்தாப் போதும்” என்றார் தலைவர்.

அந்தச் சின்ன டாக்டர் என் பக்கம் திரும்பினான். என் கையில் இருந்த கூடையைப் பார்த்தான், அதில் அண்ணாச்சியின் வேட்டியும் துண்டும் மருந்துச் சீட்டும் இருந்தன. அம்மா, நீங்க என்ன சொல்லுதீங்க என்று கேட்டான். என்னை அண்ணாச்சியின் மனைவி என்று நினைத்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவள் இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது. கான்டீன் கீழ்மாடியில்தான் இருந்தது, கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் வந்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன்.

“வேண்டாம். அந்த வயசெல்லாம் தாண்டியாச்சு.”

அவன் எழுதிக்கொண்டான். பிறகு அண்ணாச்சி ஸ்கேனிலிருந்து வந்ததும் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார், எல்லாம் இங்கிலீஷில் இருந்தது, மகன் விரலால் காட்டிக்கொண்டே போனான். மதினி இட்லிப் பொட்டலத்தோடு வந்து, என்னமும் கேட்டாங்களா என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் அவர் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்திச் சாய்வாகக் கிடத்தி ஆபரேஷன் செய்தார்கள். அந்த மூன்றரை மணி நேரமும் செவக்காட்டில் குடத்திலும் அண்டாவிலும் சொம்பிலும் இருந்த தண்ணீரெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதாம், சிந்தவில்லையாம். குழாய்த் திருகுகள் குழாய் திரும்பாத பக்கமெல்லாம் தானாகத் திரும்பினவாம். சாய்ந்த தண்ணீரை எப்படி மொள்ளுவது என்று கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, குடத்தைச் சாய்த்து வைத்து மொண்டு உலை வைத்தார்கள். பிறகு அவருக்கு மூத்திரம் போக ட்யூபும் பையும் மாட்டியிருந்த பத்து நாளும் எட்டுத் தெருவிலும் தண்ணீர் இல்லாமல், தொட்டியடியில் இருந்த சிமென்ட் தொட்டியில் மட்டும் இரவும் பகலும் நூல்போல விழுந்து நிறைந்தது. எல்லோரும் அங்கே வந்து எடுத்துக்கொண்டார்கள். வியாதி முழுவதும் எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று வெடி போட்டார்கள்.

ட்யூபை எடுத்ததும் கசிவு தொடங்கியது. எட்டுத் தெருக் குழாய்களும் நாள் முழுவதும் ஒழுகின, எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. அண்ணாச்சி இருமினால் குழாய் பீச்சியது, நாற்காலியிலிருந்து எழுந்தால் பீச்சியது, தும்மினால் ரேஷன் கடைச் சீனி மூட்டை நனைந்தது. சொட்டுத் தண்ணீருக்கு வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்த அதே ஊர் இப்போது முற்றம் சதசதவென்று கிடக்கிறது, கொசு வருகிறது, சுவர் ஊறுகிறது என்று அவர் வாசலில் வந்து குறை சொன்னது. மறுபடியும் மைக். அண்ணாச்சியை யாரும் சிரிக்க வைக்கக் கூடாது, அவர் தெருவில் மிளகாய் வறுக்கக் கூடாது, அவர் இருக்கும்போது தூசி கிளம்பக் கூட்டக் கூடாது. குழாய் வாய்க்குக் கட்டத் துணி தைக்கும் வேலை எனக்கு வந்தது, உள்ளே பஞ்சு வைத்து, வாயில் நாடாவோடு, நூற்றுக்கணக்கில் தைத்தேன். அதே பஞ்சை வைத்து அண்ணாச்சிக்கும் தைத்தேன், மதினி வந்து வாங்கிக்கொண்டு போனாள், என் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னாள். மருந்துக்கடைக்காரன் அண்ணாச்சி டயப்பர் வந்திருக்கு என்று தெருவுக்கே கேட்கச் சொன்ன நாளிலிருந்து அவர் என்னுடையதைத்தான் கட்டினார்.

அடிவயிற்றுக்குக் கீழே சதையை இறுக்கிப் பத்து எண்ணி விடச் சொல்லி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவர் தொட்டியடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பல்லைக் கடித்து இறுக்குவார், எட்டுத் தெருவிலும் ஒழுக்கு நிற்கும், பத்து எண்ணியதும் ஒழுகும். பத்து இருபதானது, இருபது நூறானது. பெண்கள் அந்த நேரத்தைக் கணக்காக வைத்து முற்றத்தைக் கூட்டித் தள்ளப் பழகிக்கொண்டோம். செவக்காட்டுக்காரர்களுக்குப் பழக முடியாதது என்று எதுவும் இல்லை, அதுதான் எங்கள் கேடு.

மூன்றாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது யாரையும் கூட்டிக்கொள்ளாமல் அண்ணாச்சியும் மதினியும் மட்டும் பஸ்ஸில் போனார்கள். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் பெனடிக்ட் சந்தோஷமாகச் சொன்னார். மதினியை வெளியே உட்கார வைத்துவிட்டு அண்ணாச்சி தாழ்ந்த குரலில் அந்த இன்னொரு விஷயத்தைக் கேட்டார். டாக்டர் பைலைப் புரட்டினார். நரம்பைக் காக்க வேண்டியதில்லை, குடும்பத்தார் விருப்பம், மனைவியின் சம்மதமும் பெறப்பட்டது என்று எழுதியிருந்தது. வியாதி சுரப்பியின் மேலோட்டைத் தாண்டியிருக்கவில்லை, நரம்பைக் காக்க முயற்சி செய்திருக்கலாம், நான் உங்களிடம் நேரில் கேட்டிருக்க வேண்டும், தப்புத்தான் என்று அவர் எழுந்து நின்று சொன்னாராம். எழுந்து நின்று சொல்லி என்ன செய்ய.

மதுரையிலிருந்து செவக்காடு வரை அண்ணாச்சி மதினியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பஸ்ஸைவிட்டு இறங்கித் தரையில் கால் வைத்த நேரத்தில் எட்டுத் தெருக் குழாய்களும் மூடிக்கொண்டன. ஒழுக்கு இல்லை, சொட்டு இல்லை, குழாய் வாயில் ஈரமே இல்லை. அவருக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஊருக்குத்தான் வரவில்லை. அவ்வளவு நாள் இறுக்கிப் பழகியதில் அவருடைய வால்வு வேறு ஊர் வால்வு வேறு என்று ஆகிவிட்டிருந்தது.

முதல் நாள் வியந்தார்கள், இரண்டாம் நாள் லாரிக்குச் சொல்லிவிட்டார்கள், மூன்றாம் நாள் தலைவர் மைக் ரூமில் கூட்டம் போட்டார். அண்ணாச்சியை மறுபடி மதுரைக்குக் கொண்டுபோய் வேறு ஏதாவது அறுக்க முடியுமா என்று விசாரிப்பது, கனகவேலை ஓசூரிலிருந்து வரச் சொல்வது, வேன் பேசுவது. அண்ணாச்சியிடம் யார் கேட்பது என்ற பேச்சே அங்கே எழவில்லை.

நான் மிஷின்முன் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று நாளுக்குப் பிறகு அண்ணாச்சியின் குரல் கேட்டது.

“எனக்கு அது வேண்டாம்னு நீதான் சொன்னியா?”

“எங்க வச்சு? எப்ப?”

“பைல்ல எழுதியிருக்கு. பொண்டாட்டி சம்மதம்னு.”

மதினி ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், ஸ்கேன் ரூம், வராந்தா, கான்டீன். நான் உங்களுக்கு இட்லி வாங்கப் போயிருந்தேன் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். அவர் நம்பவில்லை. நம்ப ஆசைதான், காகிதத்தில் வேறு மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த வீட்டில் இனி என்றைக்கும் அந்தக் காகிதம்தான் நடுவில் படுத்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, தெரிந்தும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

மதினி என் வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் பச்சை வயர்க்கூடை.

“செண்பகம், இதை உன் கையில குடுத்துட்டுத்தான போனேன். நீ என்ன சொன்ன?”

சொன்னேன். எழுத்து மாறாமல் சொன்னேன். அடிப்பாள் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

“சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்துக்கிட்டு எங்களைக் கேட்டுக்கிட்டேதான இருந்த” என்றாள். பிறகு, “என்கிட்ட சொன்னது போதாது. மைக்குல சொல்லு” என்றாள்.

மைக் ரூமில் தலைவரும் கவுன்சிலர்களும் வேனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள், ஸ்விட்சைப் போட்டாள். ஊரே கேட்க நான் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆவுடைத்தாய் மதினி மாதிரி நின்றது நான், வேண்டாம் என்று சொன்னது நான், அதற்கு முன்னால் சொன்னது தலைவர், சிரித்தது இன்னின்னார், சும்மா நின்றது மகன். என் குரல் எட்டுத் தெருவிலும் மோதித் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. தலைவர் எழுந்தார், அவர் முகம் செத்திருந்தது, உயிரைக் காப்பாத்தினோம்ல என்று சொல்லிக்கொண்டே ஸ்விட்சுக்குக் கையை நீட்டினார்.

கையை எடுங்க என்றாள் மதினி. அவர் எடுத்தார். அவள் மைக்கை என்னிடமிருந்து வாங்கினாள்.

“நான் குருவையா பொண்டாட்டி ஆவுடைத்தாய் பேசுதேன். எனக்கு ஐம்பத்திமூணு வயசு. என்கிட்ட கேட்டிருந்தா வேணும்னுதான் சொல்லியிருப்பேன். என்கிட்ட யாரும் கேக்கலை, அவுககிட்டயும் யாரும் கேக்கலை.” மூச்சு வாங்கினாள், அதுவும் எட்டுத் தெருவுக்கும் கேட்டது. “ஏங்க, தொட்டியடியில நிக்கீங்களா, கேக்குதா? நான் அப்படிச் சொல்லலை.”

மதினி மைக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள், தொட்டியடியிலிருந்து அண்ணாச்சியும் நடந்து வந்துகொண்டிருந்தார், தெருவின் நடுவில் இருவரும் சேர்ந்து உள்ளே போனதைப் பார்த்தேன். கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எட்டுத் தெருவிலும் தண்ணீர் வந்தது, முன்போலவே முழு வேகத்தில், ஏழு மணிக்கு நின்றது. அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், தினமும் காலையில் தலைவர் வந்து மைக்கில், அண்ணாச்சி, திறக்கலாமா என்று கேட்க வேண்டும், பதில் வரும்வரை நிற்க வேண்டும். சில நாள் சரி என்பார், சில நாள் இன்னைக்கு முடியாது என்பார், காரணம் சொல்வதில்லை. முடியாது என்கிற நாளுக்காக ஒரு அண்டாத் தண்ணீர் எடுத்து வைக்க ஊர் பழகிக்கொண்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், எங்களுக்கு இது சாதாரணமாகத்தான் படுகிறது.

என் வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. குழாயை மாற்றினேன், பைப்பை மாற்றினேன், மூன்று வருடமாகிறது, ஒரு சொட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக் கதவு இன்றும் சாத்திக்கொள்கிறது. சிரிப்புச் சத்தம் கேட்பதில்லை, அதைப் பறித்தது பறித்ததுதான், எந்த மைக்கும் அதைத் திருப்பித் தரவில்லை. தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேச்சு மட்டும் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் இப்போது மிஷினை நிறுத்துவதில்லை.

தினமும் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போகிறேன். மதினி முற்றத்துக் குழாயடியில் நிற்பாள். குடத்தை என் கையிலிருந்து வாங்கமாட்டாள், குழாயைத் திறக்கமாட்டாள், என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

“வேணுமா?”

தலையை ஆட்டினால் போதாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும், தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும், சில நாள் சரியாகக் கேட்கலை என்று இரண்டாம் முறையும் சொல்ல வைப்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஒரு பெண்பிள்ளைக்கு எவ்வளவு கூசுகிறது, மூன்று வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை.

“வேணும் மதினி” என்கிறேன். அதற்குப் பிறகுதான் அவள் குழாயைத் திறக்கிறாள்.